புகார் கொடுத்த பிறகு குழந்தையோடு யார் போவது?

(போக்சோ வழக்குகளில் ஆதரவு நபராகப் பணிபுரியும் ஒருவர், வேப்பம்பட்டில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

குழந்தைக்கு ஏதாவது ஒரு கொடுமை நடந்தா 1098-க்குப் போன் பண்ணணும் என்பது இங்கே இருக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது, உங்கள் பிள்ளைகளே சொல்வார்கள். ஆனால் போன் பண்ணிய பிறகு என்ன நடக்கும்? காவல் நிலையம், மருத்துவமனை, மாஜிஸ்திரேட், அப்புறம் திருவள்ளூர் நீதிமன்றம். இங்கேயிருந்து திருவள்ளூர் மூன்றாவது ஸ்டேஷன்தான். செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், திருவள்ளூர். ரயிலில் அது சின்ன தூரம். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பயணம் ஒரு வருஷம், சில சமயம் அதுக்கும் மேல. அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நம்ம சென்னையில் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கலாம். 2018 ஜூலை, அயனாவரம். கேட்கும் திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி. குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்களே, காவலாளி, லிஃப்ட் ஆபரேட்டர், பிளம்பர் என்று தினமும் முகம் பார்க்கிற ஆட்களே, மாதக்கணக்கில் அந்தக் குழந்தையைத் துன்புறுத்தியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த அக்காவிடம்தான் குழந்தை முதலில் சொன்னது. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் பதிவாகி, 17 பேர் கைதானார்கள். விசாரணை நடக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டார். 2020 பிப்ரவரி 1-ஆம் தேதி சென்னை போக்சோ சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, ஒருவரை விடுவித்தது. 3-ஆம் தேதி தண்டனை. 4 பேருக்குச் சாகும்வரை சிறை, ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்கு 7 ஆண்டு, 9 பேருக்கு 5 ஆண்டு.

அப்போது பேப்பரில் எல்லாம் தண்டனையைப் பற்றியே எழுதினார்கள். நான் உங்களை வேறு ஒன்றை யோசிக்கச் சொல்கிறேன். ஒரு பக்கம் 17 பேர், அவர்களுக்கான வழக்கறிஞர்கள். இன்னொரு பக்கம் சரியாகக் காது கேட்காத ஒரு குழந்தை. யார், எப்போது, எங்கே என்று அந்தக் குழந்தைதான் சொல்லியாக வேண்டும். வேறு யாரும் பார்க்கவில்லை. புகாரிலிருந்து தீர்ப்புவரை 18 மாதத்துக்கு மேல். அந்தக் காலம் முழுக்க அந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்க வேண்டும், தூங்கியிருக்க வேண்டும், பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். அதற்கெல்லாம் யார் பொறுப்பு? அம்மா அப்பாவே உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிற நேரம் அது.

(அந்தக் கட்டடம் எது, குடும்பம் யார் என்று இப்போது போனை எடுத்துத் தேடாதீங்க. அதற்கும் பின்னால் வர்றேன்.)

முதல் நாள். புகார் கொடுக்க எந்தக் காவல் நிலையத்துக்கும் போகலாம். "சம்பவம் நடந்தது ஆவடி எல்லை, இங்கே எடுக்க மாட்டோம்" என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். ஆனால் காவல்துறை இணையதளத்தில் அந்த எஃப்.ஐ.ஆரைத் தேடினால் வராது. "ஆன்லைன்ல காட்டலையே, கேஸே போடலையோ" என்று சிலர் பதறிப்போய் வருவார்கள். போக்சோ எஃப்.ஐ.ஆர். பொதுவில் ஏறக் கூடாது, குழந்தையின் பாதுகாப்புக்காகத்தான். உங்கள் கையில் காகிதமாக நகல் இருந்தால் போதும்.

குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டில் வைத்தே வாங்கலாம், அல்லது குழந்தை எங்கே சொல்கிறதோ அங்கே. முடிந்தவரை உதவி ஆய்வாளர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வரணும். குழந்தை நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்கணும். ராத்திரியில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். இதையெல்லாம் நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. சட்டம் அவர்கள்மீது சுமத்தியிருக்கிற கடமை.

இனி நம் பக்கம். இன்றைக்குக் குழந்தைக்கு அதிகமாகக் கெடுதல் செய்வது நம் கையில் இருக்கிற போன்தான் என்பது என் கருத்து. குழந்தை ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், "இரு இரு" என்று வீடியோ எடுக்கிறார்கள். பெரியம்மா வந்ததும் மறுபடி சொல்லச் சொல்லி இன்னொரு வீடியோ. எல்லாம் நல்ல எண்ணத்தில்தான், ஆதாரம் வேணுமே என்று. ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வார்த்தை கொஞ்சம் மாறும். பெரியவங்களுக்கே மாறும். நாளைக்குக் குறுக்கு விசாரணையில் "அன்னைக்கு ஹால்னு சொன்னே, இன்னைக்கு ரூம்னு சொல்றியே" என்று அந்த வீடியோவை வைத்தே கேட்பார்கள். வாக்குமூலத்தை ஒலி ஒளியாகப் பதிவு செய்ய சட்டப்படி விசாரணை அதிகாரிக்கு வழி இருக்கிறது. மொபைல் போனிலேயே அவர் செய்யலாம். அதை அவரிடம் விட்டுடுங்க. குழந்தை சொன்னால் ஒரே ஒரு பெரியவர் கேட்டால் போதும். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, என்ன வார்த்தையில் சொன்னது என்று பிறகு தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவ்வளவுதான்.

தப்பு செய்தவர் போனில் மெசேஜ், படம் அனுப்பியிருந்தால் கோபத்தில் அழிக்காதீங்க, ஆளை பிளாக்கும் பண்ணாதீங்க. போனை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள். குழந்தையின் படம் இருந்தால் அதை "ஆதாரத்துக்கு" என்று சொந்தக்காரருக்கு ஃபார்வர்டு செய்வதும் குற்றமாகிவிடும். இணையம் வழி நடந்த குற்றம் என்றால் 1930 இருக்கிறது. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம்.

அப்புறம் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப். "ரெண்டாவது தெரு, பச்சை கேட் வீட்டுப் பொண்ணு" என்று ஒருத்தர் போட்டால் போதும், பெயரே போட வேண்டாம். தெரு, பள்ளிக்கூடம், அப்பா வேலை என எதை வைத்துக் குழந்தையை அடையாளம் காண முடியுமோ, அதெல்லாம் அடையாளம்தான். போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவில் அதற்கு 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை இருக்கிறது. அயனாவரம் கட்டடத்தைத் தேடாதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

மருத்துவப் பரிசோதனைக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம் இல்லை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாது, காசு கேட்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்கணும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்கணும். இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. குளிக்க வைக்காமல், துணியைத் துவைக்காமல் கொண்டுபோனால் நல்லது. குளிப்பாட்டிவிட்டீர்கள் என்றால் அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீங்க, அப்படியே போங்க.

இப்போது ஆதரவு நபர். சில இடங்களில் துணை நபர் என்றும் சொல்வார்கள். 2020 மார்ச்சில் வந்த போக்சோ விதிகளில் தெளிவாக இருக்கிறது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்லணும். அந்தக் குழு, குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், ஓர் ஆதரவு நபரை நியமிக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதற்கான பட்டியல் இருக்கும். அவருக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஒத்துவரவில்லை என்றால் காரணமே சொல்லாமல் "இவர் வேண்டாம்" என்று குழுவிடம் சொல்லலாம். குழந்தைக்குப் பிடிக்காத ஆள் கூட நடந்து என்ன பயன்?

நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், "ஆதரவு நபர் வேணுமா"ன்னு ஒரு வரியில் கேட்பார்கள். அந்த நேரத்தில் பெற்றோருக்கு எதுவும் காதில் விழாது. "இன்னொரு ஆளுக்கு விஷயம் தெரியணுமா, வேண்டாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். முடிந்தது. இதனால்தான் 2023 ஆகஸ்ட் 18-இல் உச்ச நீதிமன்றம், பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடர்ந்த வழக்கில், இதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது, இப்படி ஒரு உதவி இருக்கிறது, இது உங்கள் உரிமை என்று ஒவ்வொரு வழக்கிலும் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னது. முதல் நாள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. மூன்று மாதம் கழித்தும் குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள்.

நாங்கள் என்ன செய்கிறோம்? பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்வோம். "நாளைக்கு ஒரு மேடம் கிட்ட பேசணும். அவங்க எழுதிக்குவாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம். அழுகை வந்தா நிறுத்தச் சொல்லலாம்." கோர்ட்டைப் பற்றி சினிமாவில் பார்த்ததுதான் குழந்தைக்குத் தெரியும். கூண்டு, சுத்தியல், சத்தம். அங்கே அப்படி இல்லை என்று சொல்லவே ஒரு ஆள் வேணும். வாய்தா தேதி என்ன, குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே இருக்கிறாரா, ஜாமீனில் வந்துவிட்டாரா என்று கேட்டுச் சொல்வோம். வழியில் அந்த ஆள் நின்று முறைக்கிறார் என்றால் குழந்தையின் பயத்தை உரிய இடத்தில் போய்ச் சொல்வோம். அந்த மாதம் பரீட்சை இருந்தால் வேறு தேதி கேட்டு அரசு வழக்கறிஞரிடம் பேசுவோம். தெரிந்த எதையும் வெளியே சொல்ல மாட்டோம். எங்கள் வீட்டிலும் சொல்ல மாட்டோம்.

ஒன்றைச் செய்யவே மாட்டோம். இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு என்று சாட்சிக்குப் பழக்க மாட்டோம். சில அப்பாக்கள் கோபப்படுவார்கள், "நீங்க எதுக்குத்தான் வர்றீங்க"ன்னு கேட்பார்கள். குழந்தைக்குத் தைரியம் கொடுக்கத்தான் வருகிறோம். வார்த்தை குழந்தையுடையதாக இருக்கணும். சொல்லிக்கொடுத்த சாட்சி என்று நீதிபதிக்கு ஒரு சந்தேகம் வந்தால் போதும், உண்மையாகச் சொன்னதும் அதோடு சேர்ந்து போய்விடும்.

காது கேட்காத, பேச முடியாத, மனவளர்ச்சி குன்றிய குழந்தை என்றால் சைகை மொழி தெரிந்தவர், சிறப்புக் கல்வி ஆசிரியர், அல்லது அந்தக் குழந்தை பேசும் விதம் பழகியவர் உதவிக்கு வரலாம். காவல் நிலையத்திலும், மாஜிஸ்திரேட்டிடமும், நீதிமன்றத்திலும். குழந்தைக்கு இப்படி ஒரு தேவை இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் போய் ஆள் தேடினால் வாய்தாதான் விழும்.

ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. போக்சோ சட்டத்தில் பையன், பொண்ணு என்ற வித்தியாசமே கிடையாது. 18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் சரி. பையன் வீட்டில்தான் "ஆம்பளைப் புள்ளைக்கு என்ன ஆயிடப்போகுது"ன்னு அமுக்கிவிடுகிறார்கள். ரொம்ப ஆகும்.

அம்மாக்கள் என்னிடம் மெதுவாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வீட்டு ஆளே செஞ்சிருந்தா? சொன்னா பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் ஹோம்ல போட்டுருவாங்களாமே?" தப்பு செய்தவர் அதே வீட்டில் இருந்தால் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன்பு அழைத்துப் போவார்கள், அது உண்மை. ஆனால் குழு 3 நாளுக்குள் விசாரித்து முடிவு செய்யணும். அம்மா பாதுகாப்பாக வைத்துக்கொள்ள முடியுமா, பாட்டி வீடு இருக்கிறதா, குழந்தை என்ன விரும்புகிறது என்று பார்த்துத்தான் முடிவு. இல்லம் என்பது கடைசி வழி. இந்தப் பயத்தில் பேசாமல் இருந்தால் குழந்தை தினமும் அந்த ஆளோடு ஒரே கூரையின் கீழ் தூங்குகிறது. அதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

பணம். பலருக்கு இது தெரியவே தெரியாது. சாப்பாடு, துணி, போக்குவரத்து மாதிரி உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் கொடுக்கணும். வழக்கு நடக்கும்போதே சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். தண்டனை வந்தால்தான் என்று இல்லை. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். உத்தரவு வந்த 30 நாளில் பணம் வரணும். குழந்தை பெயரில் வங்கிக் கணக்கும் ஆதாரும் தயாராக இல்லாததால் உத்தரவு வந்தும் பணம் நிற்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அதை முதல் மாதமே செய்துவிடுங்கள். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். 15100-க்குப் போன் பண்ணலாம்.

நீதிமன்ற நாள். காலையில் போனால் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. டிபன், தண்ணி, ஒரு கலர் பென்சில் டப்பா எடுத்துட்டுப் போங்க. சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். வராந்தாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, எதிரே அந்த ஆளைப் பார்த்துவிட்ட குழந்தை, உள்ளே போய் வாயைத் திறக்காது. தனியாக உட்கார இடம் கேளுங்கள். நாங்கள் கூட இருந்தால் நாங்கள் கேட்போம்.

உள்ளே விசாரணை மூடிய அறையில்தான். குழந்தை சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படக் கூடாது. திரை இருக்கும், அல்லது வீடியோ வழி. எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்கணும், நீதிபதிதான் கேட்பார். மிரட்டுகிற கேள்வி, நடத்தையைக் குறை சொல்கிற கேள்வி அனுமதி இல்லை. நடுநடுவே ஓய்வு கேட்கலாம். ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. 33, 36, 37 ஆகிய பிரிவுகளில் இவ்வளவும் இருக்கிறது. காவல்துறை விசாரணையை 2 மாதத்தில் முடிக்கணும், நீதிமன்றம் வழக்கை எடுத்த 30 நாளில் குழந்தையின் சாட்சியம் பதிவாகணும், முடிந்தவரை ஒரு வருஷத்தில் வழக்கு முடியணும் என்று சட்டம் சொல்கிறது. எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை, மறைக்க விரும்பவில்லை. அந்த 30 நாள் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். குழந்தை சொல்லி முடித்துவிட்டால் பிறகு வழக்கு எவ்வளவு இழுத்தாலும் அதன் பாரம் குழந்தை தோளில் இல்லை. அதனால் தேதியைக் கவனியுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். அதில் குழந்தையின் பெயர் வரக் கூடாது. வந்திருந்தால் உடனே நீதிமன்றத்தில் சொல்லுங்கள்.

சாட்சிக்கு முந்தின வாரம்தான் சமாதானம் பேச வருவார்கள். ஊர்ப் பெரியவர், மாமா, கூட வேலை பார்க்கிறவர். "பொண்ணு கல்யாணத்தை யோசி", "இவ்வளவு தர்றோம்". போக்சோ வழக்கு இரண்டு குடும்பத்துக்கு நடுவில் பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கைச் சமாதானம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்து, வழக்கை நடத்தச் சொன்னது. யாராவது வந்து பேசினால், மிரட்டினால், தேதியோடு குறித்து வையுங்கள். விசாரணை அதிகாரியிடமும் ஆதரவு நபரிடமும் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்தில் இருக்கிற நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று கேட்காதீங்க. கோர்ட் நாளில் சின்னப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறோம், சாப்பாடு எடுத்துட்டு வர்றோம் என்று சொல்லுங்கள். தினக்கூலிக்குப் போகிற அப்பாவுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் சம்பளம்.

மேசையில் படிவம் ஏ வைத்திருக்கிறேன். புகார் கொடுத்ததும் குழந்தைக்கு என்னென்ன உரிமை என்று காவல்துறை உங்களிடம் கொடுக்க வேண்டிய தாள் அது. போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்களையும் பதிந்துகொள்ளுங்கள்: குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, பள்ளி தொடர்பாக 14417, இலவச சட்ட உதவிக்கு 15100. இப்போது கேள்விகள். எல்லார் முன்னாடியும் கேட்க முடியாதவங்க, கூட்டம் முடிந்த பிறகு நான் எட்டு மணி ரயில் வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.